கறுப்பைத் தொடாதே

சாம்பல்காரருக்குப் பொறாமை. உலகத்தில் யாருக்கும் இல்லாத பொறாமையா என்று கேட்காதீர்கள். இவருக்கு ஒரே ஒரு ஆள் மேல்தான் பொறாமை, ஆனால் அது பத்து ஆளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற அளவுக்கு இருந்தது. அந்த ஆள் இவருடைய சகலை, மனைவியின் தங்கை புருஷன்.

சாம்பல்காரர் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, தொழில் வைத்த பேர். மரத்தூளை அழுத்திச் செய்த குட்டிக் குட்டிக் குச்சிகளை எரித்து, அந்தப் புகையில் கறி வேகவைக்கிற கிரில் அடுப்பு இப்போது பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் நிற்கிறது. பொத்தானை அமுக்கினால் போதும். பெட்டியில் கொட்டிய குச்சிகளைத் திருகுத் தண்டு ஒன்று தள்ளிக்கொண்டு போய் நெருப்புக் கிண்ணத்தில் போடும், அடியில் விசிறி ஊதும், சூடு தானே ஏறும். வாங்குகிற மகராசர்கள் அதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அடுப்பு பற்றமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும், இல்லாவிட்டால் தட்டில் தேங்கின கொழுப்பு குபீரென்று பற்றிக்கொள்ளும். அப்போது சாம்பல்காரருக்குப் போன் வரும்.

பதினெட்டு வயதில் ஒரு ரொட்டிக் கடையின் அடுப்புக்குள் தலையை விட்டவர். கடை மூடியபோது நாற்பது. தெரிந்த வேலை அடுப்பு சுத்தம் செய்வது ஒன்றுதான் என்று இதைப் பிடித்துக்கொண்டார். பழைய வேன், இரண்டு வாளி, பலவகை சுரண்டிகள், சாம்பலை உறிஞ்சுகிற மெஷின், முழங்கைவரை உறை. கம்பித் தட்டுகளைக் கழற்றுவார், வெப்பத்தைத் தடுக்கிற தகட்டை எடுப்பார், நெருப்புக் கிண்ணத்தில் ஒரு பொட்டுச் சாம்பல் இல்லாமல் உறிஞ்சுவார். பெட்டியில் ஈரம் பட்டு ஊதிப்போன குச்சிகளைக் கையால் அள்ளி எடுப்பார், இல்லாவிட்டால் அவை மாவாகித் திருகுத் தண்டைக் கட்டிப் போட்டுவிடும். சூட்டுமானியைத் துணியால் துடைப்பார். எல்லாம் முடிந்து மாட்டியபிறகு அரைமணி நேரம் வெறும் அடுப்பை எரியவிட்டு, புகை வெளுத்து மெலிகிறவரை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அந்த அரைமணி நேரம் கடவுளே வந்து கூப்பிட்டாலும் எழுந்து போகமாட்டார்.

அவருடைய தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கறுப்பைத் தொடாதே. மூடியின் உள்பக்கமும் சுவர்களும் வார்ப்பிரும்புக் கம்பிகளும் சமைக்கச் சமைக்க வழவழவென்று ஒரு கறுப்பைப் பூசிக்கொள்ளும். உரிந்து தொங்குகிற கரியைச் சுரண்டலாம், இரும்போடு ஒட்டி உறவாகிவிட்ட அந்தக் கறுப்பைச் சுரண்டக் கூடாது. இது வாடிக்கையாளர்களுக்குப் புரியாது.

“என்னங்க இது, உள்ளே இன்னும் கறுப்பாவே இருக்கு? பாதி வேலைதானா?” என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

“அம்மா, அழுக்கு வேற, கறுப்பு வேற. அழுக்கை எடுத்தாச்சு. கறுப்பை எடுத்தா உங்க கறி வெறும் இரும்புல வேகும். ஒட்டும், பிய்யும், வாசமும் வராது” என்பார்.

இதையே வீட்டிலும் சொல்லிச் சொல்லி, அவர் மனைவி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். மனைவி துணிக்கடையில் கல்லாவில் இருப்பவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒரே வார்த்தையில் ஆளைக் கிடத்திவிடுவாள்.

இனி சகலைக்கு வருவோம். சகலைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. நாளெல்லாம் பயந்தாங்கொள்ளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் சிரிக்கிற பிறவி. அவருக்கும் ஒரு கிரில் இருந்தது. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அந்தக் கிரிலில் கோழி வேகும், அத்தனை பேரும் சகலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். மாமியார் ஒருநாள் வாய்தவறி, “ஒருத்தர் சமையல் மாப்பிள்ளை, ஒருத்தர் சாம்பல் மாப்பிள்ளை” என்று சொல்லிவைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். சாம்பல்காரரும் சிரித்தார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரும் சமைத்துப் பார்த்தார். சகலையின் அடுப்பில்தான். கோழியை வைத்துவிட்டு, புகை சரியாக வருகிறதா, விசிறி சத்தம் சரியாக இருக்கிறதா என்று அடுப்பையே கவனித்துக்கொண்டிருந்துவிட்டார். கோழியைக் கவனிக்க ஆள் இல்லை. அது கரிக்கட்டையாக வெளியே வந்தது. நாலு வருஷமாகியும் ‘கரிக்கோழி’ கதையைச் சொல்லிச் சிரிக்காமல் அந்தக் குடும்பம் கலைந்ததில்லை. ஐயோ, அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் அதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. சகலை சமைத்த கோழியில் முதல் துண்டை வாயில் வைத்ததும் அவர் மனைவி கண்ணை மூடிக்கொள்வாள். மூன்று விநாடி, நாலு விநாடி. இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் இவர் கொடுத்த எதற்கும் அவள் கண்ணை மூடியதில்லை. புடவைக்கு இல்லை, வளையலுக்கு இல்லை. எவனோ ஒருத்தன் வேகவைத்த கோழிக்கு மூடுகிறாள்! அவருக்குக் காதில் புகை வந்தது என்றால் அது சும்மா பேச்சுக்குச் சொல்வது இல்லை.

மாமியாருக்கு எழுபது வயது நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சகலை வீட்டில் விருந்து. வழக்கப்படி சனிக்கிழமை அடுப்பைச் சுத்தம் செய்ய இவருக்கு அழைப்பு. போனார். சகலை யாருக்கோ வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போயிருந்தார். மச்சினி மட்டும் இருந்தாள். கொல்லையில் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தவள் சும்மா போயிருக்கலாம்.

“அத்தான், அக்கா உங்ககிட்ட சொன்னாளா? போன வாரமே போன் பண்ணி, விருந்துல எனக்கு ஒரு தொடை தனியா எடுத்து வைங்கன்னு இவர்கிட்ட சொல்லிட்டா. அக்கா வாயத் திறந்து ஒண்ணு கேட்டு நான் பார்த்ததே இல்ல!” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

சாம்பல்காரரின் கையில் சுரண்டி இருந்தது. அப்படியே நின்றார். கேட்டாளா? அவன்கிட்ட? வாயைத் திறந்து? வீட்டில், “என்ன வேணும்” என்று இவர் கேட்டால், “ஒண்ணும் வேணாம்” என்பவள், அவனிடம் போன் போட்டுத் தொடை கேட்டாளா? அவர் வேனுக்குப் போனார். பத்து வருஷமாக மூலையில் மூடியைத் திறக்காமல் கிடந்த, கறையைக் கரைக்கிற திரவத்தின் பாட்டிலை எடுத்துவந்தார். அடுப்பின் வெளிப்புறக் கால்களுக்கு மட்டும் என்று வாங்கிப்போட்டது.

மூடியின் உள்பக்கம் அடித்தார். சுவர்களில் அடித்தார். கம்பித் தட்டுகளை வாளியில் ஊறப்போட்டார். பிறகு கம்பிநாரை எடுத்துத் தேய்த்தார். தேய்த்தார் என்றால் அப்படி ஒரு தேய்ப்பு! ஏழு வருஷக் கறுப்பு அவர் முழங்கை வழியாகக் கூழாக வழிந்தது. பாதியில் ஒரு நிமிஷம் கை நின்றது. உள்ளுக்குள் யாரோ, “டேய், வேணாம்டா” என்றார்கள். அவன் கோழி நாளைக்கு ஒட்டட்டும், பிய்யட்டும், ஊரே பார்க்கட்டும் என்று மறுபடி தேய்த்தார். சாப்பிடுகிற யாருக்கும் உடம்புக்கு ஆகாமல் போய்விடக் கூடாது என்று மூன்று தடவை தண்ணீர் விட்டு நன்றாகவே அலசினார். கெட்டவர் இல்லை, பொறாமைக்காரர். அரைமணி நேரம் எரியவிடவேண்டிய வெறும் அடுப்பை ஐந்தே நிமிஷத்தில் அணைத்தார்.

அந்த நேரம் பார்த்து சகலை வந்துவிட்டார். மூடியைத் திறந்தவர் குனிந்து பார்த்தார். உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது.

“அண்ணே! என்ன அண்ணே இது! கடையில வாங்கினப்பகூட இப்படி இல்லயே! அத்தைக்காக இவ்வளவு பாடுபட்டீங்களா?” என்று ஈரக் கையோடு இருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மச்சினியைக் கூப்பிட்டுக் காட்டினார். போட்டோ எடுத்துக் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பினார். பன்னிரண்டு வருஷத்தில் சாம்பல்காரர் செய்த வேலையை யாரும் போட்டோ எடுத்ததில்லை. அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தப் போட்டோ துணிக்கடைக் கல்லாவுக்கும் போயிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருபது பேர் கூடினார்கள். சகலை இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக மூடியைத் திறந்தார். இடுக்கியால் முதல் கோழியைத் தூக்கினார். தோல் வரவில்லை, கம்பியோடு நின்றுவிட்டது. இன்னொன்றைத் தூக்கினார், அது இரண்டாகப் பிய்ந்தது. கிளறிக் கிளறி எடுத்ததில் எல்லாம் கந்தல் கந்தலாக வந்தது. தட்டில் வைத்தபோது புகை வாசத்துக்குப் பதிலாகக் கழுவின பாத்திரத்தின் வாசம் அடித்தது. சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. சாம்பல்காரர் எதற்காகக் காத்திருந்தாரோ அது நடந்துவிட்டது. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும் என்று நினைத்திருந்தார். இருந்தது, ஒரு நிமிஷம்.

“என்ன மாப்பிள்ளை, அடுப்பு சரியில்லயா?” என்று மாமியார் கேட்டார்.

“ஐயோ, அடுப்பு கண்ணாடி மாதிரி இருக்கு அத்தை. அண்ணன் உயிரைக் கொடுத்துத் தேய்ச்சிருக்கார். என் மேலதான் தப்பு, அவசரப்பட்டு சூட்டைக் கூட்டிட்டேன்” என்றார் சகலை.

தனியாக எடுத்துவைத்த தொடையைக் கொண்டுவந்து சாம்பல்காரரின் மனைவி தட்டில் வைத்தார்கள். அவள் ஒரு துண்டை வாயில் வைத்தாள். கண்ணை மூடவில்லை. திறந்த கண்ணால் எதிரே இருந்த புருஷனைப் பார்த்துக்கொண்டே மென்றாள். ஒரு துளி மிச்சம் வைக்காமல், பிய்ந்த தோலோடு, முழுத் தொடையையும் அப்படியே பார்த்துக்கொண்டே தின்று முடித்தாள்.

எல்லாரும் உள்ளே போனபிறகு அவர் கொல்லைக் குழாயடியில் கம்பித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றாள்.

“கறுப்பைத் தொடாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு?”

அவர் குனிந்தபடியே தட்டைத் திருப்பிப் போட்டுக் கழுவினார்.

“தெரியாம செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“நீ அவன்கிட்ட தொடை கேட்டல்ல?” என்றார் அவர், சின்னப் பிள்ளை மாதிரி. “அவன் சமைச்சாத்தானே உனக்குக் கண்ணு மூடுது.”

அவளுக்கு வந்ததே கோபம்! “அவரு சமைச்சா எனக்கென்ன? நீங்க தேய்க்க வராதப்ப அவரு செஞ்சதையும் ரெண்டு தடவை தின்னிருக்கேன். கசக்கும், பழைய கொழுப்பு நாத்தம் அடிக்கும். நீங்க தேய்ச்ச மறுநாள்தான் அந்தப் புகையில ஒரு வாசம் வரும். ராத்திரி நீங்க வீட்டுக்கு வரும்போது உங்க சட்டையில வருமே, அதே வாசம். சனிக்கிழமை நீங்க போறீங்கன்னு தெரிஞ்சுதான் தொடை கேட்டேன். இத்தனை வருஷமா எதுக்குக் கண்ணை மூடினேன்னு இப்பவாவது தெரியுதா?” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

குழாய் திறந்தபடி ஓடியது. அவர் கையில் இருந்த கம்பித் தட்டு பளபளவென்று மின்னியது. அதைப் போல அசிங்கமான ஒரு பொருளை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

உள்ளே போனார். சகலை தனியாக சமையலறையில் கந்தல் கோழியைப் பாத்திரத்தில் மாற்றிக்கொண்டிருந்தார்.

“தம்பி, உன் மேல தப்பு இல்ல. நான்தான் அந்தக் கறுப்பை எடுத்தேன். வேணும்னே எடுத்தேன்.”

சகலையின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போனது. கரண்டியைக் கீழே வைத்தார். “திரும்ப ஏற எவ்வளவு நாள் ஆகும்?” என்று கேட்டார்.

“எண்ணெய் தடவித் தடவி எரிக்கணும். நல்லா ஏற ஒரு வருஷம் ஆகும்.”

“அப்ப வாங்க” என்றார் சகலை. அண்ணே என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் சாம்பல்காரர் போகிறார். துணியை எண்ணெயில் நனைத்து மூடியிலும் சுவரிலும் கம்பியிலும் மெல்லிசாகத் தடவுகிறார். வெறும் அடுப்பை எரியவிட்டு, ஆறவிட்டு, மறுபடி தடவுகிறார். மச்சினி தண்ணீர் கொண்டுவந்து வைப்பதில்லை, தானே போய் மொண்டு குடிக்கிறார். கரிக்கோழிக் கதையை இப்போது யாரும் சொல்வதில்லை. அதை யாராவது சொல்லிச் சிரிக்கமாட்டார்களா என்று இருக்கிறது அவருக்கு.

ஐந்தாம் மாதம், சுவரில் முதலில் ஏறியிருந்த தேன் நிறம் போய்ப் பழுப்பு வந்தது. சகலை ஒரு கோழியை வைத்தார். அது ஒட்டவில்லை, தோல் முழுசாக வந்தது. “பரவாயில்ல, அண்ணே” என்று சகலை சொன்னதும், இவர் முகத்தைத் திருப்பித் துணியைத் தேடுகிற மாதிரிப் பாவனை செய்தார்.

முதல் துண்டைத் தட்டில் போட்டு, அன்று கூட வந்திருந்த மனைவியிடம் சாம்பல்காரரே கொண்டுபோனார். கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். அவள் வாயில் வைத்தாள், மென்றாள். அவர் அவள் கண்ணையே பார்த்தார். அது திறந்தே இருந்தது.

“இன்னும் ஏறல” என்றாள்.

அவர் தட்டை வாங்கி வைத்துவிட்டு, எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு அடுப்பு ஆறட்டும் என்று கொல்லையில் போய் உட்கார்ந்தார்.