ஞாயிற்றுக்கிழமை அளந்த பாதை

புதன்கிழமை காலை 5.40-க்கு ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் ஏறினேன். தூத்துக்குடிக்குக் கட்டணம் ஒரு ரூபாய் எண்பது காசு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து புதுத் துறைமுகத்துக்குப் போட்டிருக்கும் சரக்கு ரயில் பாதையைப் பற்றி எங்கள் பக்கத்தில் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். லாரி லாரியாகப் போன கல் இப்போது ஒரே ரயிலில் போகிறதாம். நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்று கிளம்பினேன்.

7.10-க்குத் தூத்துக்குடி. டீயும் இரண்டு வடையும் நாற்பது காசு. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஐந்து கிலோமீட்டர் போய், உப்பளத்து நிறுத்தத்தில் இறங்கி, கிழக்கே ஒற்றையடிப் பாதையில் நடந்தால் மிக்கேல்துறை என்ற மீனவர் ஊர். டிக்கெட் கிழிக்கும்போது கண்டக்டர் சொன்னார்: “ரயில் நிக்கலன்னா நடந்துருவிய. நின்னுச்சுன்னா உங்க பாடு.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

7.50. பாத்திகளுக்கு நடுவே வந்த ஒற்றையடிப் பாதை ரயில் கரையில் முட்டி நின்றது. கரைமேல் சரக்கு ரயில், இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல் ஏற்றிய வேகன்கள். எஞ்சினும் தெரியவில்லை, கடைசிப் பெட்டியும் தெரியவில்லை. என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வேகனுக்கு அடியிலிருந்து மீன் கூடை ஒன்று வெளியே வந்தது. பிறகு ஒரு கை. பிறகு ஒரு பெண்ணின் தலை.

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய வெள்ளைத் தூளைத் தட்டினாள். நாற்பது வயதிருக்கும். பெயர் பிலோமினா. அவளுக்குப் பின்னால் இன்னொரு கூடை வந்தது. அதைத் தள்ளியவள் ஜெசிந்தா என்ற இளம்பெண்.

“ஏளா ஜெசிந்தா, வேட்டி கட்டுன அண்ணாச்சி அந்தப் பக்கம் போணுமாம். வழி காட்டுளா.”

“அவியளுக்கு ரயில்வே கேட்டைச் சுத்தித்தான் வழி. தெக்க மூணு கிலோமீட்டர்” என்றாள் ஜெசிந்தா. “நம்ம வழியில போனா வேட்டிய வீட்டுல அடையாளம் தெரியாது.”

ரயில் ஏன் நிற்கிறது என்று கேட்டேன். துறைமுகத்தில் முந்தின வண்டி கல்லைக் கொட்டி முடிக்கும் வரை அடுத்தது இங்கே காத்திருக்குமாம். சில நாள் கால்மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி. பிலோமினா உப்பளத்து நிறுத்தத்தில் 8.30 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கரையில் வள்ளம் ஒதுங்கி, ஏலம் முடிந்து, கூடையை நிரப்பும்போதே ஏழரை ஆகிவிடுகிறது. அடுத்த பஸ் பதினொன்றுக்கு. அதில் போனால் மீன் குழைந்துவிடும், பாதி விலைக்குக்கூட ஆள் இருக்காது.

“எந்த ஊர் சந்தைக்கு?”

“ஸ்ரீவைகுண்டத்துக்குத்தான். உங்களுக்கு எந்த ஊரு?”

சொன்னேன். “அப்ப நம்ம மீன்தான் திங்கிய” என்று சிரித்தாள்.

வண்டி திடீரென்று எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றேன். “டிரைவர் நல்ல மனுசன், விசில் அடிச்சிட்டுத்தான் எடுப்பாவ. போன மாசம் இவ முந்தானை சக்கரத்துல சிக்கிட்டு. நான்தான் கிழிச்சு இழுத்தேன்.” கேலி பேசிய ஜெசிந்தா இப்போது முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மக்கள் தினமும் நடக்கும் பாதையில் ஏன் கேட் வைக்கவில்லை? இந்தக் கேள்வியோடு 11 மணிக்கு நகரத்தில் ரயில் பாதைப் பணிக்கான அலுவலகத்துக்குப் போனேன். உதவி இன்ஜினியர் மரியாதையானவர். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடச் சொன்னார், குடிக்கக் கலர் வரவழைத்தார்.

“அந்தப் பாதையை நாங்க பார்க்காம இல்ல சார். ஆள் போட்டுக் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் கவனிச்சோம். ஒரு பொம்பளைகூடக் கூடையோட வரல. யாரும் நடக்காத பாதைக்கு எப்படி சார் கேட் கேக்கிறது?”

“எந்தக் கிழமை கவனித்தீர்கள்?”

“ஞாயிறு. அன்னைக்குத்தான் சுரங்கத்துல வேலை கிடையாது, ஜீப் கிடைக்கும்.”

கலர் பாட்டிலைக் கீழே வைத்தேன். மிக்கேல்துறை முழுவதும் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது. பூசை, வலை உலர்த்தல், உறவு வீடு, அவ்வளவுதான். இந்தக் கடற்கரையில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாதை போட வந்தவர்கள் மண்ணின் உறுதியைச் சோதித்தார்கள், உப்புத் தண்ணீரின் மட்டத்தை அளந்தார்கள். மனிதர்கள் எந்தக் கிழமை வேலைக்குப் போகிறார்கள் என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

சொன்னேன். அவர் முகம் மாறியது. “அப்படியா? எங்க ஊர்ல எல்லா நாளும் ஒண்ணுதான் சார். சரி, நானே நேர்ல வந்து மறுபடி பார்த்து எழுதுறேன்.”

“என்றைக்கு?”

“ஜீப் ஞாயித்துக்கிழமைதான் சார் கிடைக்கும்.”

டவுன் பஸ் போகிறதே என்றேன். மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கை, முறைப்படி ஜீப்பில் போய்ப் பார்த்ததாக இருக்க வேண்டுமாம். அன்றிரவு லாட்ஜ் வாடகை ஆறு ரூபாய். கொசுவும் கோபமும் தூங்கவிடவில்லை.

வியாழன் காலை 7.20. ரயில் வருவதற்கு முன்பே தண்டவாளத்தைக் கடந்து ஊருக்குள் போனேன். ஏலம் முடிந்து கூடையில் சாளை மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள் பிலோமினா. விஷயத்தைச் சொல்லி ஒரு யோசனையும் சொன்னேன்: வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெண்கள் எல்லோரும் வெறுங்கூடையோடு பாதையில் நடந்து காட்டினால் என்ன?

அவள் கை நின்றது. “பூசைய விட்டுட்டா?”

“ஒரு நாள்தானே.”

“ஆறு நாளு வண்டிக்கு அடியில ஊந்துதோம். ஏழாவது நாளு அவியளுக்கு வேசம் கட்டணுமா அண்ணாச்சி? நாங்க நடக்கிறது பொய்யின்னா, எங்க மீனும் பொய்யா? திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. எனக்குப் பின்னால குனிஞ்சு வரட்டும்.”

அவள் சொன்னதுதான் நியாயம். தப்பாக அளந்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, அந்தத் தப்புக்கு ஏற்றபடி இவர்களை நடக்கச் சொன்ன நானும் அந்த ஜீப்பில் ஏறிவிட்டேனே என்றிருந்தது.

8.05. நாங்கள் பாதைக்கு வரும்போது ரயில் வந்து நின்றிருந்தது. பிலோமினா கூடையைத் தள்ளினாள், குனிந்தாள், மறுபுறம் போய்விட்டாள். நானும் அதே பஸ்ஸுக்குத்தான் போக வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, வேட்டியை மடித்துக் கட்டி, வேகனுக்கு அடியில் நுழைந்தேன். தலைக்கு மேலே இரும்பு. அதற்கு மேலே டன் கணக்கில் கல். அந்த நாலடி தூரத்தில் நான் விசிலைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம், ஆற்றுக்குத் தெற்கே, திருச்செந்தூர் ரயில் பாதையில் வயலுக்குப் போகும் மாடுகளுக்காகவே ஒரு கேட் இருக்கிறது. காவலுக்கு ஆளும் இருக்கிறார். எங்கள் மாடுகள் எந்தக் கிழமை உழப் போகும் என்று பார்த்து யாரும் அதை வைக்கவில்லை.

10.50-க்கு ஸ்ரீவைகுண்டம். வழியில் பஸ் பஞ்சரானதில் நேரமாகிவிட்டது. சந்தை முகப்பில் எங்கள் தெருக்காரம்மா ஒருத்தி பிலோமினாவின் கூடையில் ஒரு மீனை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்தாள்.

“வெளுத்துக் கெடக்கே. காலாகாலத்துல எந்திரிச்சு வரப்படாதா?”

பிலோமினா சேலையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைத் தட்டினாள். மேலும் இரண்டு மீனை எடுத்து அந்த அம்மாவின் பாத்திரத்தில் போட்டாள்.