மகளின் பத்து விரல்கள்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கணக்கும் மேற்பார்வையும் பார்க்கும் கிராணியாக நான் இருந்தேன். இன்று என் மகள் கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் பியானோ வாசிக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் ஆர்கன். உங்களுக்குப் பெருமையாக இருக்குமே என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அவள் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் என்னை அறியாமல் அவற்றை எண்ணிவிடுவேன். அதன் முழுக் காரணத்தை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் அவள் பியானோ கற்றாள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அங்கே தேவாலயத்தில் பூசைக்கு ஆர்கன் வாசித்தது அவள்தான். அதுவரை எனக்குக் கவலை இல்லை. பிறகு வானொலியில் ஜாஸ் கேட்க ஆரம்பித்தாள். எழுதி வைத்ததை வாசிக்காமல், அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்களாம். எனக்கு அதைக் கேட்டாலே நிலைகொள்ளாது. பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த சில நாட்களில் ஈப்போ ஹோட்டல் ஒன்றின் வாத்தியக் குழு அவளைக் கூப்பிட்டது. அவர்களுக்கு ஆர்கன் வாசிக்க ஆள் வேண்டும். வாசித்துக் காட்ட மூன்று வாரம் இருந்தது.

ஹோட்டல், குடி, முன்பின் தெரியாத ஆண்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. கூடாது என்று சொல்லத் தைரியம் இல்லை; சரி என்று சொல்ல மனமும் இல்லை. அந்த மூன்று வாரமும் என் கண் முன்னால் இருக்கட்டும், உழைப்பு என்றால் என்ன என்று தெரிந்தால் ஆசை தானாக அடங்கும் என்று, தேயிலைத் தூள் சலிக்கும் பகுதியில் தற்காலிக வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அவள் மறுக்கவில்லை. சல்லடை ஆடும் தாளத்துக்கு மேசையில் விரல் தட்டிக்கொண்டிருப்பாளாம். அங்கிருந்த பெண்கள், கிராணி ஐயா மகளுக்குக் கை சும்மா இருக்காது என்று கேலி செய்வார்களாம்.

எங்கள் வேலை முறையையும் சொல்ல வேண்டும். சலித்த தூளைக் கொண்டுபோகும் பெல்ட்டில் தேயிலைக் காம்பும் இலையிலிருந்து உதிரும் பஞ்சும் அடிக்கடி அடைக்கும். மெஷினை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். நிறுத்தினால் வேலை தேங்கும், தோட்ட மேலாளரான துரை என்னைக் கேட்பார். அதனால் சுவிட்சை என் அறைச் சுவரில் வைக்கச் செய்திருந்தேன். நிறுத்தச் சொல்லி யார் வந்தாலும், எதற்கு என்று திருப்பிக் கேட்பேன். இரண்டு முறை என்னிடம் பதில் சொல்லி அலுத்தவர்கள், மூன்றாவது முறை ஓடுகிற பெல்ட்டிலேயே கையை விட்டு எடுத்தார்கள். எனக்கு அது தெரியும். தெரியாதவன் போல இருந்தேன்.

இரண்டாவது வாரம், மழை பெய்த ஒரு காலை. ஐயா, நிப்பாட்டுங்க என்று வெளியே ஒரு பெண் கத்துவது கேட்டது. நான் தலையைக்கூடத் தூக்காமல் வழக்கம்போல் கேட்டேன்.

"எதுக்கு?"

கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண்ணே உள்ளே வந்தார். பல வருடமாக அங்கே வேலை செய்தவர். என் நாற்காலியை இடித்து நகர்த்திவிட்டு சுவிட்சை அணைத்தார். மெஷின் சத்தம் நின்ற பிறகுதான் என் மகள் 'அப்பா' என்று கூப்பிடுவது கேட்டது.

மற்றவர்கள் செய்ததைப் பார்த்து அவளும் பெல்ட்டில் கையை விட்டிருக்கிறாள். குளிருக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையின் கை, பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் சிக்கி, அவள் கையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கத்தரிக்கோலால் சட்டையை வெட்டி எடுத்தோம். தோல் உரிந்து, ஒரு நகம் பெயர்ந்திருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுபவர் விரல்களை அசைக்கச் சொன்னார். அவள் மேசைமேல் கையை வைத்து, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாக அழுத்தினாள். திரும்பவும் சுண்டுவிரலிலிருந்து.

"எல்லாம் வேலை செய்யுதுப்பா," என்றாள். நான் வெளியே போய் மழையில் நின்றேன்.

அன்று மாலை தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

"பாப்பா கை தப்பிச்சிருச்சு, அது போதும். எங்க கையும் கைதான்லா ஐயா. அந்த சுவிட்சைக் கொஞ்சம் கிட்ட வைங்க."

மறுநாளே பெல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். துரை காரணம் கேட்டார். என் தவறு என்றேன்.

புண் ஓரளவு ஆறியதும், அவர்கள் சொன்ன நாளில் நானே அவளைத் தாப்பா வழியாக ஈப்போவுக்கு அழைத்துப் போனேன். ஒரு பிற்பகல், ஆள் இல்லாத ஹோட்டல் கூடத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் காலணியைக் கழற்றிவிட்டு, ஆர்கனுக்கு அடியில் இருக்கும் கட்டைகளைக் காலாலும் வாசித்தாள். பாட்டு எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். குழுவினர் சிரித்துக் கைதட்டியபோதுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

அதன்பிறகு பினாங்கு, சிங்கப்பூர், கோலாலம்பூர். இப்போது கப்பலில் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறாள். கடல், புயல், பெயர் தெரியாத ஊர்கள் என்று எனக்கு மறுபடியும் தூக்கம் இல்லை. பயப்படாமல் இருக்க நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அவள் கை சிக்கிய அன்று அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர்தான், அவ்வளவு பக்கத்தில் வைத்திருந்தும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதை நினைக்கும்போது, போய் வா அம்மா என்று எழுதிவிடத்தான் தோன்றுகிறது.