வாடை இல்லாத போதை

எங்கள் ஊர் ஒதியம்பட்டு. சுற்றிலும் மதுக்கடைகள் என்பதால், மகன் கல்லூரியிலிருந்து வந்ததும் வாயை ஊதச் சொல்வேன். "பாஸா பெயிலாம்மா?" என்று கிண்டல் செய்வான். வாடை இல்லையென்றால் நிம்மதியாகிவிடுவேன். இரவில் அவன் தூக்கமின்றி நடந்துகொண்டிருந்ததைத் தேர்வு பயம் என்று நினைத்தேன். துவைக்கும்போது சட்டைப் பையில் சாக்லேட் தாள்கள் கிடைத்தன. இன்னும் குழந்தைதான் என்று சிரித்துக்கொண்டேன்.

ஒரு மதியம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான்.

"இதுல இன்னா கலந்த?"

"புளிக்கொழம்புடா."

"மொதல்ல நீ துன்னு. நீயும் அவங்களோட சேந்துட்ட."

யாரென்று கேட்டதற்கு வெறும் சுவரைக் காட்டினான்.

அந்தத் தாள்களில் இருந்தவை கஞ்சா கலந்த சாக்லேட்டுகள் என்று மருத்துவமனையில்தான் தெரிந்தது. "பழையபடி ஆயிடுவானா சார்?" என்று கேட்டேன். "நெறைய பேர் தேறிடுறாங்கம்மா. இவருக்கு இப்பவே சொல்ல முடியாது" என்றார் மருத்துவர்.

சிகிச்சை தொடர்கிறது. உங்கள் பிள்ளைக்குத் தூக்கம் கெட்டால், தயவுசெய்து நீங்களாகவே ஒரு காரணம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இப்போதெல்லாம் அவன் தட்டிலிருந்து முதல் கவளத்தை நான் சாப்பிட்டுக் காட்டுகிறேன். அதன் பிறகும் என் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறான்.