வெள்ளிக்கிழமைப் பார்சல்

அது ஒரு சூரை மீன் துண்டு. குழம்பு வற்றி, வாழையிலையில் சோற்றுக்குப் பக்கத்தில் கிடந்தது. கடை வாசலில் போட்ட கதிரையில் அக்கா உட்கார்ந்திருந்தார். எதிரே பார்சல் வாங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அவர் சோற்றைப் பிசைந்து, மீனில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். மென்றார், விழுங்கினார். எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான் பார்த்தேன்.

அக்கா என்றாலும் அவர் எனக்குச் சொந்தம் இல்லை, வியாபாரக் கூட்டாளி. யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்த கணவர் காலமானபோது, திரும்பிப் போக அவருக்கு ஊரில் வீடு மிஞ்சியிருக்கவில்லை. நான் கண்டிக்குப் பக்கத்து மடவளையில் பிறந்த முஸ்லிம் பெண், கைக்குழந்தையோடு கணவர் கைவிட்டுப் போனவள். ஆஸ்பத்திரி வரிசையில் பழகிக்கொண்டோம். இருவருக்கும் சமையலைத் தவிர வேறு தொழில் தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை பிடித்து, கந்தோர்களில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்குப் பகல் சோற்றுப் பார்சல் கட்டி விற்கத் தொடங்கினோம். மரக்கறி அவர் பொறுப்பு, மீனும் கோழியும் என் பொறுப்பு. பருப்பு யாருடையது என்பதில் மட்டும் கடைசிவரை சண்டை ஓயவில்லை.

இப்போது சிறுதொழில் தொடங்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னை அழைக்கிறார்கள். போஞ்சியும் கரட்டும் வத்தேகமச் சந்தையில் விடியுமுன் வாங்குங்கள், சூட்டோடு சோற்றைக் கட்டினால் பகலுக்குள் வேர்த்துப்போகும் என்று சொல்லிவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். உண்மையில் நான் படித்த பாடம் இதொன்றும் இல்லை. அந்தக் கதையை மேடையில் சொல்ல எனக்கு வாய் வராது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் பெரிய குண்டு வெடித்த ஒரு வாரம், தமிழர் சமைக்கும் சோற்றில் ஏதோ கலக்கிறார்களாம் என்று ஒரு கதை பஸ் ஏறிக் கண்டிக்கு வந்து சேர்ந்தது. அக்காவின் நெற்றிப் பொட்டு சந்து முனையிலேயே தெரியும். கட்டியதில் பாதிக்கு மேல் மிஞ்சி நாய்களுக்குப் போனது. இப்படியே இன்னும் பத்து நாள் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அப்போதுதான் அந்த யோசனையை நான் சொன்னேன். வருகிறவர் தனக்குப் பிடித்த ஒரு பார்சலைத் தொட்டுக் காட்டட்டும், அதை அவிழ்த்து அவர் கண்முன்னே நாங்கள் சாப்பிட்டுக் காட்டுவோம்.

“நாங்கள் என்ன கள்ளரோ?” என்று அக்கா கேட்டார்.

வியாபாரம் என்று வந்தால் மானம் ரோசம் பார்க்க முடியாது என்று நான் பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னேன். மறுநாள் முதல் மாறி மாறிச் சாப்பிட்டோம். நான் சாப்பிட்டால் யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர் சாப்பிட்டால்தான் பார்சலுக்குக் கைகள் நீண்டன. சனம் திரும்பி வரத் தொடங்கியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு ரமழான் வந்தது. நான் நோன்பு. பகலில் சாப்பிட்டுக் காட்டும் வேலை முழுக்க அவர் தலையில் விழுந்தது. கறிகளுக்கு உப்புப் பார்ப்பதும் அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மீன் கறியில் உப்புப் பார்க்க ஆளில்லை, ஏனென்றால் அன்று அவர் மீனோ இறைச்சியோ மச்சம் எதுவும் தொடமாட்டார். அது பழைய வழக்கம்தான். ஆனால் வடக்கில் இருந்த தம்பியிடமிருந்து கடிதம் நின்றுபோனதிலிருந்து அதை ஒரு நேர்த்திக்கடனாகவே பிடித்திருந்தார். வெள்ளிக்கிழமை யாராவது மரக்கறிப் பார்சலைத் தொட வேண்டுமே என்று இருவரும் மனதுக்குள் வேண்டிக்கொள்வோம். மீன் பார்சலுக்குச் சிவப்பு நூல், மரக்கறிக்கு வெள்ளை நூல். முதல் இரண்டு வெள்ளியும் தப்பினோம்.

மூன்றாவது வெள்ளி, எதிர்க் கந்தோருக்கு மொத்தமாகப் பார்சல் எடுக்கும் சிங்கள ஐயா வந்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார். சிவப்பு நூல். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்றைக்கு வேண்டாம், வேறொன்று எடுங்கள் என்று நான் சிங்களத்தில் சொல்லியிருக்கலாம். வேறு எடுக்கச் சொன்னால் சந்தேகம் முளைக்கும், சனமெல்லாம் கலைந்துவிடும். இன்றைக்கு யாவாரம் இல்லை என்று பலகையைச் சாத்தியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு மேசையைத் துடைத்தேன். அவர் நூலை அவிழ்த்தார்.

அன்று ஒரு பார்சல்கூட மிஞ்சவில்லை. “எல்லாம் முடிஞ்சி அக்கா, ஒண்டும் மிச்சமில்ல” என்று உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன். வாயெல்லாம் சிரிப்பு. அவர் பின்பக்கக் குழாயடியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

“மீனுக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு” என்று மட்டும் சொன்னார்.

தம்பியிடமிருந்து அதற்குப் பிறகும் கடிதம் வரவில்லை. மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. அடுத்த வருடம் கனடாவில் இருந்த மகளிடம் போய்விட்டார். அந்த அறை என் கடையாயிற்று. பிறகு பெரிய கடையும் ஆயிற்று.

யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து, கண்டியை அடுத்த தெல்தெனியப் பக்கம் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகள் கலவரத்தில் எரிந்தன. அந்த நாட்களில் இன்னொரு கதை வந்தது. முஸ்லிம் கடைச் சோற்றில் பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்து போடுகிறார்களாம். என் கடையில் சோறு மிஞ்சியது. என்னோடு கடை நடத்தும் மகள் சொன்னாள்: “நாமளே வாசல்ல இருந்து சாப்பிட்டுக் காட்டுவம் உம்மா. நான் இருக்கிறேன்.”

அவளுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. அன்று பின்னேரம் கனடாவுக்கு டெலிபோன் எடுத்தேன். கடை நிலைமையைச் சொல்வதற்கு முன், அந்த வெள்ளிக்கிழமைக்காக, அத்தனை வருடம் கழித்து, மன்னிப்புக் கேட்டேன்.

“மீன் அண்டைக்கே இறங்கிட்டுது தங்கச்சி” என்றார் அக்கா. “எல்லாம் வித்துப்போச்செண்டு நீர் சிரிச்சதுதான் கனகாலம் இறங்கேல்லை.”

நான் அழுதேன். பிறகு மகளின் யோசனையைச் சொன்னேன். அவர் குரல் மாறியது.

“பிள்ளையை அந்தக் கதிரையில இருத்தாதையும். பூட்டிப்போட்டு வீட்ட போம்.”

அன்றே பூட்டினேன். மூன்று வாரம் அடுப்பு எரியவில்லை. பழைய வாடிக்கைக்காரரில் பாதிப் பேர் திரும்பி வரவேயில்லை. அந்த அடி இன்னும் ஆறவில்லை. மகள் இன்றும் கேட்கிறாள், ஒரு வாய் சோற்றில் முடிந்திருக்க வேண்டியதை நான் ஏன் அப்படி விட்டேன் என்று. அவளுக்காகத்தான் இதை எழுதியிருக்கிறேன்.