பெரியப்பா கட்டிய சேலை

பெரியப்பா சேலை கட்டிக்கொண்டு பால் கறந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தும் இருக்கிறேன். ஏழு வயதில் சிரிப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை.

அவர் என் அம்மாவின் அக்கா புருஷன். இந்தியாவிலிருந்து மளிகைக்கடை வேலைக்கென்று பினாங்குக்கு வந்தவர், முதலாளியோடு முறைத்துக்கொண்டு மாடு வாங்கிவிட்டார். ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையைப் பண்ணை என்றுதான் சொல்வார். சாலையோரத்தில் புல் அறுப்பதும் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றுவதும் அவர் வேலை. கறப்பது பெரியம்மா. கடைசியாக மிஞ்சிய ஒற்றை மாடு, கன்று செத்த பிறகும், பெரியம்மா தடவிக்கொடுத்துப் பேசினால் பால் விட்டது. வேறு யார் கிட்டே போனாலும் உதைதான்.

அந்தப் பெரியம்மா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

வீட்டுக்குள் நாங்கள் அழுதோம்; கொட்டகையில் மாடு கத்தியது. மடி கல்லாக இறுகிவிட்டது. ஊசி போட வந்த மாட்டு டாக்டர், கறக்காவிட்டால் மடி சீழ்பிடித்து மாடு பிழைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை பெரியப்பா, கொட்டகைக் கொடியில் தொங்கிய பெரியம்மாவின் சேலையை எடுத்தார். கறக்கும்போது மட்டும் அவள் கட்டுகிற பழஞ்சேலை. அதை வேட்டிக்கு மேலேயே சுற்றி, முக்காடும் போட்டுக்கொண்டு மாட்டருகே உட்கார்ந்தார். மாடு முகர்ந்து பார்த்தது. உதைக்கவில்லை. பால் இறங்கியது.

பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "ஐயோ, அண்ணனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு லா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை.

அம்மாவால்தான் தாங்க முடியவில்லை. பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை முடிந்து வந்தவள், கொடியில் கிடந்த சேலையைப் பார்த்தாள். "எங்க அக்கா சேலைல சாணி நாத்தமா? எல்லாரும் சிரிக்கிறாங்க" என்று அழுதுகொண்டே அதை எடுத்துப் போய், வாசனை சோப்புத்தூள் போட்டு அலசி அலசித் துவைத்தாள். அக்காவுக்கு அவளால் செய்ய முடிந்தது அப்போது அவ்வளவுதான்.

மறுநாள் காலை சேலையில் மல்லிகை மணந்தது. பெரியப்பா அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மாடு முகர்ந்தது, எட்டி ஒரு உதை விட்டது. வாளி உருண்டு ஓடியது. அவர் எழுந்திருக்கவில்லை. முந்தானையை மூக்கோடு வைத்து முகர்ந்தார். சேலையை உருவி உருவி வேறு வேறு இடத்தில் முகர்ந்து பார்த்தார். பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அழாத மனிதர், சாணியில் உட்கார்ந்தபடியே ஓவென்று அழுதார்.

அம்மா பின்வாசலில் அசையாமல் நின்றாள். மாடு இனிப் பிழைக்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அது பிழைக்கவும் இல்லை. தான் துவைத்துப் போக்கியது மாட்டுக்கு வேண்டியது மட்டுமல்ல என்பதும் புரிந்திருக்க வேண்டும்.

எனக்குப் பெரியப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டேன்.

"அழாதீங்க பெரியப்பா," என்றேன். "கடைல பால் விக்குது. நான் போயி வாங்கிட்டு வரேன்."