எட்டாவது வளைவு

மாதத்தில் ஒரு ஞாயிறு கிருஷ்ணகுமாரி இரத்தினபுரி டவுனை நடந்து சுற்றிக் காட்டுவாள். மாணிக்கக் கல் தேடி வருகிறவர்களுக்கு அவள் தேவையில்லை. அவளோடு வருகிறவர்கள் கட்டடத்தைக் காதாலும் பார்க்க வேண்டும். பழைய அரசாங்கக் கந்தோர்க் கட்டடம் ஒன்றின் ஜன்னலைக் காட்டி, "உயரம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. வீணைத் தந்தியைப் பாதியாக்கினால் அதே சுரம் மேலே கேட்கிறதே, அதே கணக்கு" என்பாள். சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை.

குருவிட்டைக்கு மேலே றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பக்கத்தில் தமிழில் கணிதப் பிரிவு இல்லாததால் உயர்தர வகுப்பைச் சிங்களத்தில் படித்தாள். இன்று இரண்டு மொழியிலும் கணக்கு டியூஷன் கொடுக்கிறாள். ஆனாலும் டவுனில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் "குருவிட்ட" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்; தோட்டத்தைச் சொல்லமாட்டாள்.

நடையின் உச்சம் பஸீஹாவின் தேநீர்க்கடை. முகப்பில் ஏழு வளைவுகள்: நான்கு அகலம், மூன்று ஒடுக்கம். கிருஷ்ணகுமாரி நாலு, மூணு என்று கைதட்டுவாள். கூட்டம் கூடவே தட்டும். கட்டியவன் காதில் தாளம் இருந்திருக்கிறது என்பாள். காமன் கூத்துக்கு அப்பா இராமசாமி அடிக்கும் தப்பு மேளத்தின் அடி அது என்று மட்டும் சொன்னதில்லை. தங்கள் லயத்துத் தாளம் இந்த டவுனில் கல்லாக நிற்கிறது என்ற நினைப்பு, அவள் யாருக்கும் காட்டாத சந்தோஷம்.

போன ஞாயிறு நடையில், கூட்டம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் படம் எடுத்துக்கொண்டு நிற்க, அவள் முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டாள். பெயின்ட் அடிப்பதற்காகப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டியிருந்தார்கள். முகப்பு முடியும் மூலையில், ரோட்டுப் பக்கச் சுவரில் செங்கல் வளைந்து கிளம்பி, பாதியில் அறுந்து நின்றது.

"பஸீஹா, இது என்ன?"

"அதா? எட்டாவது வளைவு. ரோட்டப் பெருசாக்கக்குள்ள உடச்சிட்டாங்களாம். வாப்பா சொல்லுவாரு."

அப்படியென்றால் நாலு அகலம், நாலு ஒடுக்கம். எந்த மேஸனும் போடும் சாதாரணக் கணக்கு; தப்பின் தாளமில்லை.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே! நீங்க ஏழு ஏழுண்டு சொல்லச் சொல்ல சனம் நிண்டு டீ குடிக்கிது. நான் என்னத்துக்கு ஒண்டக் கூட்ட?" சிரித்த பஸீஹா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "நாளைக்கி பூசிருவாங்க, குமாரி. ஒருத்தருக்கும் தெரியாது."

கூட்டம் ரோட்டைக் கடந்து வந்தது. எல்லோரும் முகப்பைத்தான் பார்த்தார்கள். கிருஷ்ணகுமாரி அவர்களைப் பக்கச் சுவருக்கு அழைத்துப் போனாள். அறுந்த செங்கலைத் தொட்டுக் காட்டி, இதுவரை தான் சொல்லிவந்தது பிழை என்றாள். பிறகு ஏழு தட்டுகள் தட்டி, எட்டாவதுக்குக் கையை விரித்தபடி நிறுத்தினாள். அந்த வளைவு நின்றிருக்க வேண்டிய இடத்தில் கொழும்பு பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

முன்பும் வந்திருந்த ஒரு பெண் சிங்களத்தில் கேட்டாள், "அப்போ போன தடவை தட்டினது யாருடைய தாளம்?"

கட்டடத்தின் மேல் சாய்ந்துகொள்ள இனி வழியில்லை.

"எங்க அப்பாவோடது," என்றாள், அவளும் சிங்களத்தில். "றப்பர் தோட்டத்துல தப்பு அடிக்கிறவர். நான் லயத்துல பிறந்தவள்." பிறகு தமிழிலும் சொன்னாள்.

"தட்டிக் காட்டுங்களேன்," என்றாள் அந்தப் பெண்.

சுவருக்கு முதுகைக் காட்டி நின்று தட்டினாள். நாலு, மூணு. அப்பா அடிக்கிற வேகத்தில். கூட்டம் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டது.

"எட்டோ ஏழோ," என்று உள்ளேயிருந்து பஸீஹா சத்தம் போட்டாள், "டீ எத்தனண்டு சொல்லுங்க!"