ரோலரை மேடை ஏற்றிய கதை

ரோலர் அண்ணனுக்கு முப்பத்தொரு வருடமாக ஒரே வேலை. விடிந்ததும் மைதானத்துக்கு வருவார். நடுவில் இருக்கும் கிரிக்கெட் பிட்சுக்குத் தண்ணீர் தெளிப்பார். ஈரம் பாதி காய்ந்ததும் இரும்பு ரோலரை இழுத்துக்கொண்டு மேலும் கீழும் நடப்பார். ஈரம் போதுமா என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் அழுத்திப் பார்ப்பார். அந்தக் குதிகாலில் இருந்த அறிவு சங்கத்தில் பாதிப் பேருக்குத் தலையில் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

சங்கம் என்றால் சுற்றுவட்டாரத் தெருக்களின் விளையாட்டுச் சங்கம். விளையாட வருவது பதினொரு பேர், நிர்வாகிகள் இருபத்திரண்டு பேர். மைதானத்துக்கு ஐம்பது வயது ஆகிறது என்று யாரோ சொல்லப்போக, செயலாளருக்குப் பாரம்பரியப் பித்து பிடித்துவிட்டது. போன மாதம்வரை, கார் நிறுத்த மைதானத்தில் கால்வாசி வேண்டும் என்று மனுப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான்.

பாரம்பரியம் என்றால் கண்ணுக்குத் தெரிய ஏதாவது வேண்டுமே! தேடினார்கள். பழைய கோப்பைகளை முன்னாள் செயலாளர்கள் ஆளுக்கொன்றாகத் தங்கள் வீட்டு ஷோகேஸில் பாதுகாத்து வந்தார்கள். திருப்பிக் கேட்டால் மனஸ்தாபம். மிஞ்சியது ரோலர் மட்டுந்தான். யாராலும் வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாததால் அது பிழைத்திருந்தது.

வாசலருகே மேடை கட்டி, ரோலரை ஏற்றி, அடியைச் சிமென்டில் புதைத்து, தங்க நிறப் பெயின்ட் அடிப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. ரோலர் அண்ணன் கதவோரம் நின்று கேட்டார்.

"சார், அத மேல ஏத்திட்டா பிட்ச எத வச்சு உருட்டுறது?"

"நீங்க ஒண்ணு! அது இனிமே சாமான் இல்ல அண்ணே, சரித்திரம்," என்றார் செயலாளர். "அதுக்கும் ரெஸ்ட், உங்களுக்கும் ரெஸ்ட். விழா முடிஞ்சதும் ஒரு நினைவுப் பரிசு குடுத்து அனுப்பி வச்சிடுறோம்."

அண்ணன் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மகள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. வீட்டில் சொன்னபோது மனைவி, "முப்பத்தொரு வருஷம் இழுத்தது நீங்க. மேடை மட்டும் அதுக்கா?" என்றாள். வேலை போவதைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

விழாவன்று பக்கத்துப் பேட்டை அணியோடு ஆட்டம். அதற்கு முந்தைய வாரம் முழுக்க மழை; ரோலரோ ஏற்கெனவே மேடையில். பிட்ச் உழுது போட்ட மாதிரி கிடந்தது. அண்ணன் மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டிப் பார்த்தார். யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். முதல் பந்தைச் செயலாளரே சந்திப்பார் என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்கள். பந்து ஒரு பள்ளத்தில் விழுந்து, தரையோடு தவழ்ந்து வந்து ஸ்டம்பைச் சாய்த்தது.

"ட்ரையல் பால்!" என்றார் செயலாளர்.

அம்பயர் அவருடைய மைத்துனர். ஒத்துக்கொண்டார். அடுத்த பந்து அதே பள்ளத்தில் விழுந்து, இந்த முறை எகிறி அவர் வாயில் பட்டது. முன்பல் ஒன்று சரித்திரம் ஆயிற்று. பேட்டை அணி மூட்டை கட்டியது. லீக் நடத்துகிற பெரியவர், "ஒரு வாரத்துக்குள்ள பிட்ச் சரியாகணும். இல்லன்னா இந்த கிரவுண்டு லீக்ல கெடையாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் காலை செயலாளர் வாயில் பஞ்சோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்றார்.

"அண்ணே, மேடைய ஒடச்சு ரோலர எறக்கிடலாம். நீங்க வந்து..."

"அத தொடக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கீங்களாமே?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "வேலைக்கு உத்தரவாதம்னு சங்கத்து லெட்டர்ல எழுதிக் குடுங்க. அப்புறம் வருவாரு."

எழுதிக் கொடுத்தார். கடிதத்தை அவள் இரண்டு தரம் படித்து அலமாரியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் அண்ணன் கிளம்பினார். மைதானத்தில் சம்மட்டியை எடுத்துச் செயலாளர் கையில் கொடுத்தார்.

"கட்டுனது நீங்க. நீங்களே ஒடைங்க. உருட்டுறத நான் பாத்துக்கறேன்."

பத்தே அடியில் செயலாளருக்கு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. பிட்சில் செருப்பைக் கழற்றி, குதிகாலால் ஈரத்தை அழுத்திப் பார்த்தபடி சொன்னார்:

"மெதுவா அடிங்க தம்பி. அது சரித்திரம்."